பொட்டலுக்குப் போகும் பாதை

பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துப் பக்கம் விடியற்காலையில் நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. போன மாதம் ஒருநாள் வீதிக்கரையில் புல் வெட்டிப் போட்டிருந்தார்கள். இரவு மழையில் நனைந்து கிடந்த புல்லை மிதித்ததும் எலுமிச்சை கலந்த காரமான வாசமொன்று எழுந்தது. மானாப்புல். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கூட நடந்தவர்கள் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, “என்ன டீச்சர், கால் வலிக்குதா?” என்று கேட்டார்கள். கால் நன்றாகத்தான் இருந்தது. மனம்தான் மைதானத்தை விட்டு எங்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதைக்குப் போய்விட்டது.

நமுனுகுல மலையைப் பதுளையிலிருந்தே பார்க்கலாம். ஒன்பது முகடுகள், 2,036 மீற்றர் உயரம். பசறைப் பக்கமாக அந்த மலையிலிருந்து இறங்குகிற தோட்டங்களில் ஒன்றில் நான் பிறந்தேன். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் பீலி இருந்தது. பீலியைத் தாண்டினால் குறுக்கு. கார் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். குறுக்கு நேரே விழும். தேயிலை நிரைகளுக்கு நடுவே கல்லுப்படிகளாகத் தொடங்கி, கானைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்குக் கீழே சரிந்து, தேயிலை முடிகிற இடத்தில் பத்தனைக்குள் நுழையும். பத்தனை முழுக்க மானாப்புல், எங்கள் தலைக்கு மேலே உயரம். கச்சான் காற்று அடிக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புல் காய்ந்து சரசரக்கும். அந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் தேடி வாங்குகிற மணத்தைக் கொடுக்கிறது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வயதில் எங்களுக்குத் தெரிந்த மணம் கால் பட்டதும் எழும் இந்தப் புல்வாசம்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போவது அந்தக் குறுக்கில்தான். நடப்பதற்கு ஒரு முறை இருந்தது. பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி முன்னால் கம்போடு போவாள். பாம்பு விலகட்டும் என்று புல்லைத் தட்டிக்கொண்டே போவாள். சின்னதுகள் நடுவில். கடைசியில் இன்னொரு பெரிய பிள்ளை. பாதை ஓர் ஆள் அகலம்தான் என்பதால் பேச்சும் வரிசையாகத்தான் நகரும். முன்னால் சொன்ன கதை பின்னால் வந்து சேருவதற்குள் அதில் ஒரு பேயும் இரண்டு சிறுத்தையும் சேர்ந்திருக்கும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். அப்பாயி உப்பையும் சவர்க்காரத் துண்டையும் பழைய துணியில் முடிந்து கொடுத்திருப்பார். ஒருத்தி காலில் அட்டை ஏறினால் வரிசை முழுவதும் நிற்கும். அதை எடுத்துவிட்டுத்தான் நகரும். யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று எங்களுக்கு ஒருவரும் பாடம் நடத்தவில்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்தே அதைக் கற்றுக்கொண்டோம்.

அப்பாயிக்கு நடையைப் பற்றி நிறையக் கதைகள் தெரியும். அவருடைய பாட்டி ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணியோடு வந்தவர். தலைமன்னார் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1914இல்தான். அதற்கு முன்னால் வந்தவர்களில் பலருக்கு மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதை. காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே ஆட்களை எடுத்துக்கொண்டன. ஊவாவுக்கு விதிக்கப்பட்டவர்களுக்கு மாத்தளையோடும் நடை முடியவில்லை. கண்டிச் சீமையைத் தாண்டி இன்னும் மலைமலையாக ஏறி இறங்க வேண்டும். “நடக்க முடியாதவங்களத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. தூக்க முடியாதப்ப அழுதுகிட்டு நடந்தாங்க” என்று அப்பாயி சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்து போகும்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அப்பாயி அப்போது சின்னப் பிள்ளை. தோட்டத்திலிருந்து ஒரு கூட்டமாக நடந்து போய் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று ரயில் பார்த்தார்களாம். அப்போதும் ரயிலில் ஏறி எங்கேயும் போகவில்லை. பார்த்துவிட்டு நடந்தே திரும்பினார்கள். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் தெமோதரைப் பக்கம் சின்னம்மா வீட்டுக்குப் போகும்போது தண்டவாளமே எங்களுக்கு நடைபாதை. சிலிப்பர் கட்டைகள் சின்னக் கால்களுக்கு ஒத்துவராத இடைவெளியில் கிடக்கும். ஒன்றுவிட்டு ஒன்று தாண்டினால் கால் வலிக்கும்; ஒவ்வொன்றாக மிதித்தால் நடை குறுகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாளம் பிடிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள்ளேயே போவதைப் பார்க்க அப்பாயி எங்களை நிறுத்திவைப்பார். எல்ல பக்கத்தில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தை இன்று படமெடுக்க உலகம் வருகிறது. அன்று அது அக்கரை லயத்திலிருந்து இக்கரை லயத்துக்குப் பெண் கேட்கப் போகிறவர்களும், காய்ச்சல் மருந்து வாங்கப் போகிறவர்களும் நடந்த பாதை.

நடப்பது அன்று தனி ஆளின் காரியமாக இருக்கவில்லை. சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிறு பதுளைக்கு இறங்கினால் லயமே சேர்ந்துதான் இறங்கும். சாமான் வாங்கி, முடிந்தால் ஒரு படம் பார்த்துவிட்டு, இருட்டில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு மலையேறுவார்கள். நாங்கள் மேலே நின்று பார்ப்போம். பத்தனையில் நெளிந்து ஏறும் வெளிச்சத்தைக் கொண்டே யார் யார் வருகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாட்டுப் படித்துக்கொண்டு வந்தால் படம் நல்ல படம்.

ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் லயத்து அக்கா ஒருவருக்குப் பிரசவ வலி. தோட்டத்து மருத்துவச்சி கை விரித்துவிட்டார். லொறி இல்லை, ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கம்பளியில் தூளி கட்டி, நீளக் கம்பில் மாட்டி, எட்டுப் பேர் தோள் மாற்றி மாற்றிக் குறுக்கில் இறங்கினார்கள். பின்னால் பெண்கள், பெண்களுக்குப் பின்னால் நாங்கள். “நீங்க எதுக்குடி?” என்று யாரோ விரட்டினார்கள். அப்பாயி, “வரட்டும். வெளிச்சம் பிடிக்கட்டும்” என்றார். அடிவாரத்தில் ஒரு சிங்களக் குடியானவர் தன் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தது. இன்று அவன் கொழும்பில் பெரிய கடையொன்றில் மேற்பார்வையாளன். என்னைக் கண்டால், “எனக்கு வெளிச்சம் பிடிச்ச டீச்சர்” என்றுதான் பிறருக்கு அறிமுகப்படுத்துவான்.

தோட்டத்தில் பூங்கா என்று ஒன்று கிடையாது. பூங்கா துரைமாருக்கு. 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய ஹக்கலை பின்னர் அழகிய தோட்டமானது. 1886இல் பேராதனையின் கிளையாகப் பதுளையிலும் ஒரு தாவரவியல் தோட்டம் வைத்தார்கள். எங்களுக்கு இருந்தது காமன் பொட்டல். லயங்களுக்கு மேலே மலைத்தோளில், தேயிலை நடாமல் விடப்பட்ட ஒரு துண்டுச் சமதரை. மாசி பிறந்து மூன்றாம் பிறை கண்டதும் அங்கே காமன் ஊன்றுவார்கள். அதிலிருந்து தகனம் வரை ஒவ்வோர் இரவும் தப்பு முழங்கும். ரதியும் மதனும் ஆடுவார்கள். கூத்து முடிந்து வீட்டுக்கு வரும்போது தூக்கத்தில் நடப்போம். மற்ற நாட்களில் அது பையன்களின் பந்து விளையாட்டுத் தரை. சாயந்தரமானால் கிழவர்கள் ஒரு பக்கம், மலையால் வந்த பெண்கள் ஒரு பக்கம். கல்யாணப் பேச்சு, கடன் பேச்சு, சமாதானப் பேச்சு எல்லாம் அங்கேதான் நடந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் ஏழு பேர் படுத்து எழும்பிய எங்களுக்கு, கையை இரு பக்கமும் நீட்டிக்கொண்டு சுழல முடிந்த ஒரே இடம் அந்தப் பொட்டல்.

அந்தச் சமதரை எவ்வளவு அருமையானது என்பது தோட்டத்து ரோடுகளை நினைத்தால்தான் விளங்கும். ரோடு தோட்டத்துக்குச் சொந்தம். வெளியாள் உள்ளே வர துரையின் அனுமதி வேண்டும். தொழிலாளரைச் சந்திப்பதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரே புடவை வியாபாரியின் வேடம் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தது. துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, ரோட்டை விட்டுக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சொந்தக் காலால் நடந்தாலும் பாதை இன்னொருவருடையது. பொட்டலில் மட்டும் யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நிற்கவில்லை.

என் அம்மாவின் நடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியதில் பொருளில்லை.

அம்மா கொழுந்துக்காரி. விடியுமுன் தப்புச் சத்தத்துக்கு எழும்புவார். ரொட்டி சுட்டு, எங்களுக்குச் சம்பல் அரைத்து வைத்துவிட்டு, இடுப்பில் படங்கு கட்டி, தலைக்கயிற்றில் கூடையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நடப்பார். பெரட்டிலிருந்து மலைக்கு, நிரை நிரையாக மேலும் கீழும், நிறுவைக்கு இறக்கம், மறுபடி ஏற்றம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். முழுப்பேருக்குப் பதினெட்டு, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்கு. சாயந்தரம் பிள்ளைக் காம்பராவில் தம்பியை எடுத்துக்கொண்டு, வழியில் விறகு பொறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி ஏற்றம். ஒரு நாளில் அவர் ஏறி இறங்கிய உயரத்தை யாராவது அளந்திருந்தால் நமுனுகுலத்துக்குப் பாதியாவது வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த நடையில் ஓர் அடிகூட அவருக்காக அவர் வைத்தது கிடையாது.

தனக்காக ஒரு தடவை மட்டும் நடந்தார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து முதல் சம்பளம் வாங்கிய சமயம். அம்மாவைத் துன்ஹிந்த பார்க்க அழைத்துப் போனேன். பிறந்ததிலிருந்து பதுளையைச் சுற்றியே வாழ்ந்தவர். அந்த நீர்வீழ்ச்சியின் பேரைக் கேட்டிருந்தாரே தவிர பார்த்ததில்லை. மகியங்கனை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் காட்டுக்குள் ஒரு மைலுக்குக் கிட்டத்தட்ட நடைபாதை. அம்மா என் முன்னால் நடந்தார். கூடை கிடையாது, விறகு கிடையாது, இடுப்பில் பிள்ளை கிடையாது. கொஞ்சத் தூரம் வரை அவர் கைகள் எங்கே இருப்பதென்று தெரியாமல் தவித்தன. முந்தானையைப் பிடித்தார், விட்டார், தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு மெல்ல மெல்ல வீசி நடக்கத் தொடங்கினார். ஒரு மரத்தடியில் நின்று பூவைப் பார்த்தார். எதிரே வந்த சிங்களப் பெண்கள் சிரித்தபோது திருப்பிச் சிரித்தார். அறுபத்து நான்கு மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் புகையாக எழும்பி முகத்தில் படுகிற இடத்தில் நின்று, “இப்படியும் நடக்கலாம் போல” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். கடைசி பஸ் போய்விடும் என்று நான் அவசரப்படுத்தவில்லை.

இன்று அந்தக் குறுக்குகள் பலவும் மூடிப்போய்விட்டன. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு கைவிடப்பட்ட மலைகள் காடாகின. காட்டோடு பன்றியும் சிறுத்தையும் குளவியும் வந்தன. குளவி கொட்டி ஆள் செத்த செய்தி வராத மாதம் குறைவு. அப்படியிருக்க யார் குறுக்கில் போவார்கள்? லயத்து வாசலுக்கே ஆட்டோ வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கு ஆட்டோவில், பெரியவர்கள் கடைக்கு ஆட்டோவில். நோயாளியைத் தூளியில் சுமக்கும் காலம் போனதில் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த வசதியோடு, வரிசையாகப் பேசிக்கொண்டு போன நேரமும் போய்விட்டது. இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போக, லயங்களில் மிஞ்சியிருக்கும் பெரியவர்கள் டீவிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதோடு நோயும் வந்தது. அப்பாயி காலத்தில் சீனி வருத்தம் துரைமாருக்கும் முதலாளிமாருக்கும் வருவது. இன்று தோட்டத்திலும் பாதி வீடுகளில் கிளினிக் கொப்பி கூரைக் கட்டையில் செருகியிருக்கிறது. மாவு ரொட்டியும் சீனி போட்ட சாயத்தண்ணியும் அதே அளவில் தொடர்கின்றன, நடைதான் குறைந்துவிட்டது. கிளினிக்கில் எல்லோருக்கும் ஒரே அறிவுரை: நடங்க. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஐந்து நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணி நேர வேகநடை.

“நாள் முச்சூடும் மலை ஏறி எறங்குறோமே, அது பத்தாதா?” என்று கொழுந்து எடுக்கிற பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் அம்மா வாழ்நாள் முழுக்க நடந்தவர்தானே. அவருக்கு ஏன் அறுபதிலேயே முழங்காலும் இதயமும் தளர்ந்தன? பல வருடம் எனக்கு விடை தெரியவில்லை. பிறகு டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் எழுதியதைப் படித்தேன். வேலையில் உடம்பை வருத்துவதும், ஓய்வு நேரத்தில் விரும்பி நடப்பதும் இதயத்துக்கு ஒரே பலனைத் தருவதில்லை என்கிறார்கள். சுமையோடு, ஓய்வில்லாமல், வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாமல் மணிக்கணக்காக உழைக்கும் உடம்பு தேறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. விருப்பத்தோடு அரை மணி நடந்து ஓய்கிற உடம்பு பலப்படுகிறது. படித்து முடித்ததும் துன்ஹிந்தவில் அம்மா கை வீசி நடந்தது கண்முன் வந்தது. ஆய்வாளர்கள் கண்டதை அவர் ஒரு மாலை நடையிலேயே உணர்ந்திருந்தார்.

பதுளை நகரத்துக்கு வீடு மாறிய பிறகு எனக்கும் கிளினிக் கொப்பி வந்தது, நடக்கத் தொடங்கினேன். ஆரம்பத்தில் தனியாக. நகரத்தில் இருட்டோடு தனியாக நடக்க எங்கள் தலைமுறைக்கு உள்ளே ஒரு பயம் இருக்கும். 1983 ஜூலைக் கலவரம் பதுளைக் கடைத்தெருவையும் எரித்தது. அந்தப் புகையை நாங்கள் தோட்டத்து மேட்டிலிருந்து பார்த்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், பொழுது சாய்வதற்குள் நகரத்தை விட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் சட்டம்.

மைதானத்துப் பக்கம் என்னை முதலில் பேசவைத்தவர் ஒரு சிங்கள அம்மா. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மூச்சு வாங்கி நிற்பதைக் கண்டு தன் நடையைக் குறைத்து, “ஹெமின் யமு டீச்சர்” என்றார். மெதுவாகவே போவோம். அன்றிலிருந்து மெதுவாகவே போகிறோம். நான் அவரை அக்கே என்று கூப்பிடுகிறேன். எங்களோடு கடைத்தெரு முஸ்லிம் ஹாஜியார் ஒருவரும் அவர் மனைவியும் சேர்ந்தார்கள். தபால் கந்தோரில் வேலை பார்த்த ஒரு தமிழர் சேர்ந்தார். இரண்டு சுற்றுக்குள் அன்றைய விலைவாசி, பேரப்பிள்ளைகளின் பரீட்சை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் முடிந்துவிடும். நோன்பு மாதத்தில் ஹாஜியார் வீட்டுக் கஞ்சி வரும். பொங்கலுக்கு என் வீட்டில் அடுப்பு இரண்டு மடங்கு எரியும். வெசாக்குக்கு முதியங்கனை விகாரைப் பக்கம் வெளிச்சம் பார்க்க எல்லோரும் சேர்ந்தே நடப்போம். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் மற்றவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். போன வருடம் தபால் கந்தோர்க்காரர் மாரடைப்போடு தனியாகக் கிடந்ததைக் கண்டுபிடித்தது அப்படித்தான். மாத்திரையைவிட எனக்கு இந்தக் கதவு தட்டலில்தான் அதிக நம்பிக்கை.

இதைத் தோட்டத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. தங்கச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கொழுந்து வேலையிலிருந்து விலகிவிட்டாள். லீவு நாட்களில் போய்த் தங்கும்போது அவளையும் பக்கத்துக் காம்பராப் பெண்களையும் பொட்டலுக்குக் கூப்பிட்டேன். வந்தார்கள், ஆனால் கூச்சம். ஒருத்தி கையில் கத்தி கொண்டுவந்தாள், திரும்பும்போது விறகு வெட்டலாமே என்று. இன்னொருத்தி, “சும்மா நடக்குறதப் பாத்தா ஆளுக என்ன சொல்லுவாங்க டீச்சரம்மா? வேல வெட்டி இல்லாதவனு சொல்ல மாட்டாங்களா?” என்றாள். வாழ்நாள் முழுக்க வேலைக்கே நடந்தவர்களுக்குத் தனக்காக நடப்பது குற்றமாகத் தெரிகிறது. நான் விவாதிக்கவில்லை. துன்ஹிந்தவில் அம்மா நடந்த கதையைச் சொன்னேன். கத்தி கொண்டுவந்தவள் அதைக் காமன் மேடையில் வைத்துவிட்டு நடந்தாள்.

பொட்டலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் நடை இடைஞ்சல். எங்களுக்கு அவர்கள் பந்து ஆபத்து. ஒருநாள் பந்து தங்கச்சியின் முதுகில் பட்டது. அடித்தவன் ஓடிவந்து, “சின்னம்மா, வலிக்குதா?” என்று அழுகிற முகத்தோடு நின்றான். அவள், “வலிக்குது. அதுக்கு வட்டி, எங்களுக்கு ஒரு பாத வெட்டிக் குடு” என்றாள். அடுத்த ஞாயிறு பையன்கள் மண்வெட்டியும் காட்டுக் கத்தியுமாக வந்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே புல்லைச் செதுக்கி, கல்லைப் பொறுக்கி, பொட்டலைச் சுற்றி ஒரு வட்டப் பாதை போட்டார்கள். வெட்டிய மானாப்புல் குவிந்து கிடக்க, பையன்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தோம். இப்போது சாயந்தரம் நடுவில் ஆட்டம், ஓரத்தில் நடை. ஓய்வு பெற்றவர்களோடு, மலையால் வந்த இளம் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுற்றில் அவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் சொல்ல முடியாத பலதும் அங்கே வெளியே வருகின்றன. குடிகாரக் கணவனிடம் அடிபட்ட ஒருத்திக்கு மறுநாளே மூன்று பெண்கள் துணையாகப் போய் நின்றது அந்த வட்டத்தில் எடுத்த முடிவு.

மாலை ஆறரைக்கு இருட்டிவிடும். ஒரு விளக்கு இல்லை. மழை பெய்தால் பாதை சேறு. இவ்வளவு காலமும் இதற்கெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்றே எங்கள் சனத்துக்கு வழியில்லாமல் இருந்தது. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. கிராமத்துக்கு ரோடு, விளக்கு, விளையாட்டு மைதானம், பூங்கா எல்லாம் அதன் வழியே வந்தன. தோட்டம் தனியார் பூமி என்று கருதப்பட்டதால் எங்கள் லயங்களுக்குள் அந்தப் பணம் வர முடியவில்லை. நாங்களும் வாக்குப் போட்டோம், உறுப்பினர்களைத் தெரிவு செய்தோம். ஆனால் அவர்களால் எங்கள் வாசலுக்கு ஒரு மின்கம்பம் நடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்தத் தடை விலகியது. இப்போது கேட்கலாம். ஆகவே கேட்க வேண்டும்.

புதிய வீடுகள் கட்டுகிறார்கள்; குடும்பத்துக்கு இத்தனை பேர்ச்சஸ் நிலம் என்று அளக்கிறார்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைக் கண்ட பிறகு, ஆபத்தான சரிவுகளிலிருந்து குடும்பங்களை வேறு இடங்களுக்கு மாற்றவும் செய்கிறார்கள். அது வேண்டும். அதோடு இன்னொன்றும் வேண்டும். வீட்டு வரிசை கீறும் அதே வரைபடத்தில் ஒரு சமதரையையும் முதலில் குறித்துவிட வேண்டும். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்கள் சுவரும் கதவும் கிடைத்த மகிழ்ச்சியோடு, அக்கம்பக்கத்தின் பேச்சுச் சத்தம் இல்லாமல் போனதையும் சொல்கிறார்கள். அவர்கள் சந்திப்பதற்கு ஒரு பொட்டல் வேண்டும்.

2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. முன்னோர் கங்காணிக்குப் பின்னால் நடந்த பாதையில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தங்கள் உரிமையைக் கேட்டு நடந்தார்கள். நானும் தங்கச்சியும் கடைசி நாள் மாத்தளையில் போய்ச் சேர்ந்துகொண்டோம். யாழ்ப்பாணத்தார், கிழக்கார், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பக்கத்தில் நடந்தவர்கள் பலர். அன்று திரும்பும் பஸ்ஸில் தங்கச்சி சொன்னாள்: “பெரிய நடை நடந்தாச்சு அக்கா. இனி நம்ம சின்ன நடைக்கு ஒரு வழி பண்ணுவோம்.”

அந்த வழியைத் தொடங்கிவிட்டோம். பொட்டலில் நடக்கிற பெண்கள் ஒவ்வொருவரும் பெயரெழுதிக் கையெழுத்திட்ட கடிதம் பிரதேச சபைக்குப் போகிறது. இரண்டு விளக்கு, மழைநீர் வடிய ஒரு கான், முதியவர்கள் உட்கார நாலு சிமெந்து வாங்கு. கேட்டது இவ்வளவுதான். கடிதத்தை எழுதியவள் நானில்லை. முன்பு கத்தியோடு நடக்க வந்தாளே, அவள் சொல்லச் சொல்ல அவளுடைய மகள்தான் எழுதினாள். தொழிற்சங்கத்தின் ஊடாகவோ துரையின் ஊடாகவோ போகவில்லை. இது பொது நிலம், நாங்கள் இந்த ஊரின் ஆட்கள், எங்கள் உடம்புக்கும் மனதுக்கும் இந்த நடை வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறாள். ஊவாவின் பல தோட்ட டிவிஷன்களிலும் இப்படி ஒரு பொட்டல் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் இப்படி ஒரு கடிதம் போகட்டும்.